மார்க்கம் பாடமானபோது: ஊவாவிலிருந்து ஒரு பார்வை

க.பொ.த. உயர்தரத்தில் நான் எடுத்த நான்கு பாடங்களில் ஒன்று இந்து நாகரிகம். சொன்னால் இன்றைக்கும் சிலர் சிரிப்பார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சந்தியில் வாப்பாவுக்குச் சில்லறைக் கடை இருந்தது. கிட்டவிருந்த தமிழ்ப் பாடசாலையில்தான் நான் படித்தேன். அங்கே கலைப்பிரிவில் தமிழ், இந்து நாகரிகம், அளவையியல், புவியியல் ஆகியவற்றுக்குத்தான் ஆசிரியர்கள் இருந்தார்கள். இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்க ஆளில்லை. பதுளை டவுனுக்குப் போய்த் தங்கிப் படிக்க வசதியுமில்லை.

வாப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அவங்கட வேதத்த நீ எனத்துக்கு மகன் படிக்கிய?" என்று கேட்டார். பாடம் எடுத்த ஆசிரியர் ஒருநாள் கடைக்குச் சீனி வாங்க வந்தபோது வாப்பாவிடம் பதில் சொன்னார். "முதலாளி, ஒங்க மகன நான் கும்பிடச் சொல்லல. எங்க ஆளுங்க என்னத்த நம்புறாங்க, அது எப்படி வந்துச்சு, அத எழுதத்தான் சொல்றேன். நல்லா எழுதினா மார்க்ஸ் வரும்." வாப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அந்த ஆசிரியர் சொன்னதுதான் மதத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிப்பதற்குரிய விளக்கம் என்பது எனக்கு அப்போது தெரியாது. 1992இல் பேராதனைக்குப் போய், அரபு, இஸ்லாமிய நாகரிகத் துறையில் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. முதல் வருடத்தில் முஃதஸிலாக்களின் எழுச்சியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஓதப் பள்ளியில் கேட்டு வைத்திருந்ததை வைத்து, அவர்கள் வழிதவறியவர்கள் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையால் "இது தீர்ப்பு. காரணம் எங்கே?" என்று எழுதித் திருப்பித் தந்தார். கலீபா மஃமூன் 833இல் தொடங்கிய மிஹ்னா விசாரணையை, இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அனுபவித்த சிறையை, கிரேக்கத் தத்துவ நூல்கள் பக்தாதில் மொழிபெயர்க்கப்பட்ட சூழலை எல்லாம் தேடிப் படித்து மறுபடி எழுதினேன். என் நம்பிக்கையில் ஒரு மயிரிழையும் குறையவில்லை. ஆனால் இமாம் அஹ்மத் எதற்காக அந்த அடிகளைத் தாங்கினார் என்பது அன்றுதான் சரியாக விளங்கிற்று.

அடுத்தவரின் மதத்தை நிந்திக்காமல் படிக்க ஒரு தோட்டப் பாடசாலை எனக்குக் கற்றுத் தந்தது. என் மதத்தை அவசரமாகத் தீர்ப்புச் சொல்லாமல் படிக்கப் பேராதனை கற்றுத் தந்தது. இந்தக் கல்வி எங்கிருந்து வந்தது, இலங்கையில் எந்த வாசல்களால் நுழைந்தது, ஊவா முஸ்லிம்களாகிய நம்மை அது எங்கே விட்டுவைத்திருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மவர் தொடங்கிய வழி

மதங்களை ஒப்பிட்டுப் படிக்கும் கல்வி மேற்கில் பிறந்தது என்றே பொதுவாகச் சொல்வார்கள். மாக்ஸ் முல்லர் 1870இல் லண்டனில் ஆற்றிய உரைகளைத் தொடக்கமாகக் காட்டுவது வழக்கம். பல்கலைக்கழகத் துறை என்ற அமைப்பைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் அந்த மனப்பாங்கு அதற்கும் முந்தியது.

அல்பிரூனி ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றிய தமது பெருநூலை எழுதினார். கஸ்னி மஹ்மூதின் படையெடுப்புகள் நடந்த காலம் அது. வென்றவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டு, தோற்றவர்களின் சமஸ்கிருத நூல்களைக் கற்று, அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை அவர்களின் வாயாலேயே அவர் சொல்லவைத்தார். இது மறுப்பு நூலல்ல, உள்ளதை உள்ளபடி எடுத்துச் சொல்லும் நூல் என்ற கருத்தை முன்னுரையிலேயே வைத்தார். அவருக்குப் பின் ஸ்பெயினில் இப்னு ஹஸ்மும் பாரசீகத்தில் ஷஹ்ரஸ்தானியும் மதங்கள், பிரிவுகள் பற்றிப் பெரிய நூல்களை எழுதினார்கள். ஷஹ்ரஸ்தானியின் "அல்மிலல் வந்நிஹல்" இந்தியர்களின் நம்பிக்கைகளுக்கும் இடம் கொடுக்கிறது.

ஒரு செய்தியை ஏற்குமுன், அதைச் சொன்னவர் யார், யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தகுந்தவரா என்று பார்ப்பது ஹதீஸ் கலையின் அடிப்படை. பல்கலைக்கழகத்தில் மூலாதார ஆய்வு என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததைக் கேட்டபோது, மத்ரஸாவில் ஓதி வந்த சக மாணவர்கள் "இது நாங்க படிச்சதுதானே" என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. கேட்கும் கேள்விகளும் ஏற்கும் அளவுகோல்களும் வேறு. ஆனால் ஆதாரமில்லாமல் பேசக்கூடாது என்ற ஒழுக்கத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

இங்கிலாந்தில் மதக்கல்விக்கென ஒரு புதுவகைத் துறை 1967இல் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதை நிறுவியவர் நினியன் ஸ்மார்ட். இளம் வயதில் பிரித்தானிய இராணுவத்தில் பணியாற்றியபோது அவர் இலங்கையில் இருந்தவர். பௌத்தத்தோடு அவருக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது இங்கேதான். ஒரு மதத்தைக் கொள்கையை மட்டும் வைத்து அளக்காமல், அதன் வணக்கமுறை, அனுபவம், கதைகள், ஒழுக்கம், சமூக அமைப்பு, கட்டடங்களும் பொருட்களும் என்று பல பக்கங்களிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை.

இலங்கையில் திறந்த வாசல்கள்

நம் நாட்டில் மார்க்கக் கல்வி நெடுங்காலம் அரபுக் கல்லூரிகளின் பொறுப்பில் இருந்தது. வெலிகம பாரி 1884இலும் மஹரகம கபூரிய்யா 1931இலும் தோன்றின. மலைநாட்டுப் பள்ளிவாசல்களுக்கு இமாம்களையும் ஹஸ்ரத்மார்களையும் தந்தவை இப்படியான கல்லூரிகளும் தென்னிந்திய மத்ரஸாக்களும்தான். தொழுகை நடத்தவும் மார்க்கத் தீர்ப்புச் சொல்லவும் ஆட்களை உருவாக்குவது அவற்றின் வேலை. அதை அவை நிறைவாகவே செய்தன.

ஆனால் நாம் யார் என்று பொதுச்சபையில் கேள்வி எழுந்தபோது வேறொரு கல்வி தேவைப்பட்டது. சோனகர் இனத்தால் தமிழரே என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1885இல் சட்டசபையில் பேசினார். பிறகு அதை ராயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையில் ஆய்வுக் கட்டுரையாகவும் வாசித்தார். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய முழுமையான மறுப்பு நூலாக வந்தது 1907இல். இடையில் இருபது வருடங்களுக்கு மேல் போய்விட்டன. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை, நவீன கல்வியில்லாத சமூகம் தன் வழக்கைத் தானே பேச முடியாது என்று திரும்பத் திரும்ப வற்புறுத்தியதன் நியாயம் இதிலிருந்து விளங்கும்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தது. நம் மார்க்கம் அதற்குள் "மதம்" என்ற பெயரில் நுழையவில்லை. மொழி என்ற வாசலால் நுழைந்தது. 1940களின் நடுப்பகுதியில் அரபு மொழி கற்பிக்கப்படலாயிற்று. கலாநிதி எஸ்.ஏ. இமாம் அதை நடத்தினார். இஸ்லாமிய நாகரிகம் அதனோடு ஒரு பாடமாக வளர்ந்தது பின்னர்தான்.

இரண்டாவது வாசல் தமிழ். பாணந்துறையைச் சேர்ந்த எம்.எம். உவைஸ், சுவாமி விபுலானந்தரிடம் தமிழ் பயின்றார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. அதுவரை வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஓதப்பட்டுவந்த புராணங்களும் மாலைகளும் கிஸ்ஸாக்களும் ஆய்வுப் பொருளாயின. 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு ஒரு பேராசிரியரை நியமித்தபோது, அந்த இடம் இலங்கையரான உவைஸுக்குக் கிடைத்தது. ஒரு சைவத் துறவியின் மாணவர் நம் இலக்கியத்தின் பேராசிரியரானார்.

மூன்றாவதாக, நிறுவனம். 1873இல் தோன்றிய வித்தியோதய பிரிவேனாவும் 1875இல் தோன்றிய வித்தியாலங்கார பிரிவேனாவும் 1959இல் பல்கலைக்கழகங்களாகின. இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுர, களனிப் பல்கலைக்கழகங்கள் அவைதான். வல்பொல ராகுல தேரர் இலங்கையில் பௌத்தத்தின் வரலாற்றைக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்து 1956இல் நூலாக்கினார். காவியுடையைக் கழற்றாமலே அவர் வரலாற்றாசிரியராக நின்றார். நம் அரபுக் கல்லூரி எதுவும் அப்படிப் பல்கலைக்கழகமாகவில்லை. 1973இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யாதான் அந்த இடைவெளியைக் குறைத்தது. மார்க்கக் கல்வியோடு மாணவர்களை வெளிவாரிப் பட்டத்துக்கும் தயார்படுத்தியது. எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்ற எம்.ஏ.எம். சுக்ரி அதைப் பல்லாண்டு நடத்தினார். அவர் பதிப்பித்த இலங்கை முஸ்லிம்களின் தொன்மை பற்றிய கட்டுரைத் தொகுதி 1986இல் வெளியானது. பேராதனை நூலகத்தில் எனக்கு முதலில் கைக்குக் கிடைத்த பெரிய புத்தகம் அது.

கிழக்கில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருடமே முழுப் பல்கலைக்கழகமானது. அங்கே 2005இல் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழி பீடம் தனியாக உருவாயிற்று. மொழியின் நிழலில் வந்த பாடத்துக்கு அறுபது வருடங்களின் பின் சொந்த வீடு கிடைத்தது என்று சொல்லலாம்.

ஆலிம்களின் அச்சம்

ஊருக்கு வரும்போதெல்லாம் பள்ளியில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொள்வார். "யூனிவர்சிட்டில தீன படிச்சா ஈமான் பொய்த்திடும் மகன், கவனம்." அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிட முடியாது. அவருடைய பயத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு. காலனி ஆட்சியோடு சேர்ந்து வளர்ந்த கீழைத்தேயவியல், நம்மை ஆராய்ந்ததோடு நிற்காமல் ஆளவும் பயன்பட்டது. எட்வர்ட் செய்த் 1978இல் அதை விரிவாக எடுத்துக் காட்டினார். ஜோசப் ஷாக்ட் 1950இல் வெளியிட்ட நூலில், சட்டம் சார்ந்த ஹதீஸ்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் உருவானவை என்று வாதிட்டபோது முஸ்லிம் உலகம் கொதித்தது.

கொதிப்போடு நின்றிருந்தால் அந்த வாதம் பதிலில்லாமலே கிடந்திருக்கும். தேவ்பந்தில் ஓதிய முஸ்தபா அல்அஃழமி என்ற இந்திய அறிஞர் கேம்பிரிட்ஜுக்குப் போனார். ஆரம்பகால ஹதீஸ் எழுத்துகளைப் பற்றி ஆய்ந்து 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஷாக்டின் வாதத்தை அவர்களுடைய முறையிலேயே, ஏட்டையும் ஆதாரத்தையும் முன்வைத்து எதிர்கொண்டார். விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்பிடியென்டா நல்லா ஓதிப்போட்டுப் போகணும்" என்றார். அதை நானும் ஏற்கிறேன். அடித்தளமில்லாமல் போகிறவர் இரண்டு கல்வியையும் இழக்கக்கூடும்.

பிறர் எழுதிய ஊவா

இனி நம் ஊருக்கு வருவோம். நான் படித்த வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் ஊவா முஸ்லிம்களுக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு வரி. 1817இல் ஆங்கிலேயர் வெல்லஸ்ஸையில் ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாக நியமித்தார்கள், அது கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்றாயிற்று, பதுளையிலிருந்து போன உதவி வதிவிட அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். அவ்வளவுதான். அந்த வரியை வகுப்பில் வாசித்தபோது கூடப் படித்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெல்லஸ்ஸையில் முஸ்லிம்கள் அதற்குமுன் எத்தனை தலைமுறையாக வாழ்ந்தார்கள், தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைக்கும் கடலுக்கும் இடையே நடந்த வியாபாரத்தில் அவர்களின் பங்கு என்ன, கண்டி மன்னர்கள் அவர்களை மடிகே பத்த என்ற போக்குவரத்துத் துறையில் ஏன் வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த வரி சொல்லவில்லை. போர்த்துக்கேயர் 1626இல் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் கிழக்குக் கரையில் குடியேற்றினான் என்ற பின்னணியும் அதில் இல்லை. இவற்றை நான் அறிந்தது பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட, இலங்கை முஸ்லிம்களின் ஆயிரமாண்டு வரலாறு பற்றிய நூலில். அவர் சிங்களப் பெண்மணி. நம்மைப் பற்றிய நியாயமான வரலாற்றை நமக்கு எழுதித் தந்தவர் அவர்.

கதிர்காமமும் ஊவா மாகாணத்துக்குள்தான் இருக்கிறது. தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல். திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேறும். ஸூரத்துல் கஹ்பில் மூஸா நபியோடு பயணம் செய்த நல்லடியாரை மரபு ஹிழ்று நபி என்று சொல்கிறது. அவருடைய பெயரோடு அந்த இடத்தை முஸ்லிம்கள் இணைத்தார்கள். சிங்களவருக்கும் தமிழருக்கும் வேறு கதைகள் உண்டு. கணநாத் ஒபேசேகர அங்குள்ள சடைமுடித் துறவிகளை ஆய்ந்து 1981இல் வெளியிட்ட நூல் உலகெங்கும் மதக்கல்வி வகுப்புகளில் வாசிக்கப்படுகிறது. அந்தப் பள்ளிவாசலுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் நேர்ச்சையோடு போன நம் குடும்பங்களைப் பற்றி நம்மில் ஒருவர் எழுதிய ஆய்வு என் கைக்கு இதுவரை வந்ததில்லை. போவது சரியா பிழையா என்று நாம் மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். யார் போனார்கள், எப்போது, ஏன், என்ன ஓதினார்கள் என்று எழுதி வைத்தது குறைவு.

தோட்டப் பக்கம் இன்னும் மோசம். மலையகம் என்றால் தமிழர், முஸ்லிம் என்றால் கிழக்கும் கொழும்பும் கண்டியும் என்று ஆய்வுகள் பிரித்துக்கொண்டன. சம்பள நாளுக்காகக் காத்திருந்து கடன் கொடுத்த சந்திக் கடைக்காரர், இந்தியாவிலிருந்து வந்து லயத்தில் குடியிருந்த சில முஸ்லிம் தொழிலாளர் குடும்பங்கள், இந்தியச் சோனகர் என்று குடிசன மதிப்பீட்டில் தனியாக எண்ணப்பட்டவர்கள், இவர்கள் அந்தப் பிரிவினையில் நடுவே விழுந்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் தமிழ்த் தொழிலாளரைப் போலவே அவர்களையும் பாதித்தன. ஆனால் அந்த வரலாற்றில் அவர்களுக்கு அத்தியாயம் இல்லை.

எரிந்த கொப்பிகள்

ஆசிரியராகிப் பதுளைக்குத் திரும்பிய பின், தோட்டச் சந்தியொன்றிலிருந்த சிறிய பள்ளிவாசலின் பழைய கணக்குக் கொப்பிகளைத் தேடிப் போனேன். நான் சின்ன வயசில் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அரபுத் தமிழில் எழுதிய சந்தாப் பெயர்கள், கந்தூரிச் செலவு, கடுத்தப் பதிவுகள், மவ்லூது ஏடுகள். பள்ளி புதுப்பித்துக் கட்டப்பட்டிருந்தது. பளிங்குத் தரை மின்னியது. கொப்பிகளைக் கேட்டேன். "அதெல்லாம் கறையான் பிடிச்சி ஈந்திச்சி. வாசிக்கவும் ஆளில்ல. பத்த வெச்சிட்டோம்" என்றார்கள். கெட்ட எண்ணமில்லை. அல்லாஹ்வின் பெயர் எழுதிய தாள் காலில் மிதிபடக் கூடாதென்ற மரியாதையில் எரித்திருக்கிறார்கள். அந்தக் கொப்பியில் என் பாட்டனாரின் கடுத்தமும் இருந்தது. அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதற்கு எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே எழுத்தாதாரம் அது.

வரலாற்று மாணவரொருவர் பத்து வருடம் முன்னால் அங்கே போயிருந்தால் அது மிஞ்சியிருக்கும். மதத்தைப் பாடமாகப் படிப்பதன் பயன் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது பயனை 2019 நமக்குக் கசப்பாகக் காட்டியது. ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின், மத்ரஸா என்றால் என்ன, அங்கே எதைப் படிப்பிக்கிறார்கள் என்று நாடே கேட்டது. 2021இல் வெளிநாட்டிலிருந்து வரும் இஸ்லாமிய நூல்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி தேவையென்ற நடைமுறையும் வந்தது. அயலவருக்கு விளங்கும் மொழியில், ஆதாரத்தோடு, பதறாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடம் கைவிரல் அளவில்தான் இருந்தார்கள். பதுளை மாவட்டத்தில் நாம் நூற்றுக்கு ஆறு பேரளவே. மற்றத் தொண்ணூற்று நான்கு பேரின் நடுவில் வாழும் சமூகத்துக்கு இது ஆடம்பரக் கல்வியல்ல.

பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் உருவானது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே பட்டப்படிப்பாக இருக்கிறது. அது வேண்டியதுதான், நம் மலை தேயிலையால் வாழ்கிறது. ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்தவர்களும் விற்றவர்களும் எதை நம்பினார்கள், எப்படி வணங்கினார்கள் என்று படிக்க அங்கே துறையில்லை. முத்தியங்கன விகாரையும் முருகன் கோயில்களும் பள்ளிவாசல்களும் ஒரே நகரத்தில் இருந்தும், நம் பிள்ளை இதைப் படிக்க வெளியூருக்குத்தான் போகவேண்டும். பாடசாலையிலோ ஒவ்வொரு பிள்ளையும் சாதாரண தரம்வரை தன் மதத்தை மட்டுமே படிக்கிறது. அடுத்த மேசைக்காரனின் மதத்தைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல் வெளியே வருகிறது.

துறை அமைப்பது அரசின் வேலை, அதற்குக் காலம் பிடிக்கும். நாம் செய்யக்கூடியவை அருகிலேயே இருக்கின்றன. பேராதனையிலும் தென்கிழக்கிலும் படிக்கும் ஊவா மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தங்கள் ஊர்ப் பள்ளிவாசலை எடுக்கலாம். வெலிமடை, குருத்தலாவ, பசறை, லுணுகலை, பக்கினிகஹவெல என்று ஒவ்வொரு ஊரும் ஒரு ஆய்வேட்டுக்குக் காணும். நிர்வாக சபைகள் பழைய கொப்பிகளைக் கைபேசியிலாவது படமெடுத்து வைக்கலாம். அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் ஹயாத்தோடு இருக்கிறார்கள். அவர்களை வைத்து வாசித்துப் பதிவு செய்ய இப்போது முடியும்.

போன வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி இஸ்லாமிய நாகரிகம் படிக்கப் பேராதனைக்குத் தெரிவானாள். அவளுடைய வாப்பா வந்து, "சேர், இத படிச்சா என்ன வேல கெடக்கும்?" என்று கேட்டார். ஆசிரியத் தொழில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு அவளிடம் என் பாட்டனாரின் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய், பரணில் கிடந்த உம்மும்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு இரவே அழைத்தாள். "சேர், உள்ள அரபு எழுத்துல ஒரு கொப்பி ஈக்குது. ஆனா படிச்சா தமிழ் மாதிரி கேக்குது."

தொடவேண்டாம், காயவைக்கவும் வேண்டாம், காலையில் வாறேன் என்று சொல்லி வைத்தேன்.